அரைப் பவுன் காது

செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் அந்த மின்னஞ்சல் வந்துவிட்டது. பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். "நம் குடும்பத்தின் அருமை உறுப்பினரே" என்று ஆரம்பித்திருந்தார்கள். காசு கேட்கிறவர்கள் என்னைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வது புதிதல்ல. ஊரில் எங்கள் அப்பாவிடம் சீட்டுப் பிடித்தவரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

கீழே கணக்கு. இரண்டு இருக்கை, 960 டாலர். கார் நிறுத்தத் தனி. 'இருக்கை நன்கொடை' தனி; அதாவது டிக்கெட் உள்ளே வருவதற்கு, நன்கொடை உட்காருவதற்கு. இதெல்லாம் நமக்குப் பழகிப்போன வலி, விடுங்கள். கடைசியில், போன வருஷம் முளைத்து இந்த வருஷமும் வாடாமல் நிற்கிற ஒரு வரி: திறமைக் கட்டணம், அதாவது விளையாடுகிற பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க, 10 சதவீதம், 96 டாலர்.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். பெயர் சொல்லக்கூடிய இடத்தைச் சொல்கிறேன். இந்தக் கட்டணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது டென்னசி பல்கலைக்கழகம். 2025 சீசன் டிக்கெட்டோடு 10 சதவீதம் திறமைக் கட்டணம் சேரும் என்று 2024 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். அந்த 2025 ஏப்ரலில், சீசன் தொடங்குமுன்னே, அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், சம்பளப் பேச்சு முறிந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். கட்டணம் மட்டும் எங்கேயும் போகவில்லை.

இந்த விஷயத்தில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னால் காது விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

போன வருஷம் முதல் தடவையாக அந்த 96 டாலரைக் கட்டிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதற்குக் கொடுத்தோம், எவ்வளவு வாங்கினோம் என்று தெரியாமல் விட்டால் எங்கள் வம்சத்துக்கே ஆகாது. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் குவார்ட்டர்பேக்குக்கு 20 லட்சம் டாலர் என்று பேச்சு. ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. மாப்பிள்ளை சம்பளம் மாதிரி, ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் கூட்டிச் சொன்னது. இருக்கட்டும், 20 லட்சம். பையன் எடை ஏறக்குறைய 100 கிலோ. 96 டாலருக்கு அவனில் எனக்கு எவ்வளவு வரும்? 4.8 கிராம். தங்கமாக இருந்தால் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே.

சரி, எந்த 4.8 கிராம்? முழங்கால் வேண்டாம்; அது எந்தப் பையனுக்கும் ஒரு சீசன் தாங்குவதில்லை. எறிகிற தோள்பட்டையை நமக்கு விட்டுவைப்பார்களா, எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற முன்னாள் மாணவர்கள் என்றைக்கோ பேசி முடித்திருப்பார்கள். தலைமுடியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த வாரம் சலூனுக்குப் போனான் என்றால் முதலே போச்சு. யோசித்து யோசித்து விடியற்காலை மூன்று மணிக்கு இடது காது மடலை எடுத்துக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும், லாக்கரில் வைத்த மாதிரி. சேதாரம் கிடையாது.

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "காது சரிங்க, அதுல ஒரு தோடு போட்டுப் பாக்கவாவது நமக்கு உரிமை உண்டா?" என்றாள்.

உரிமை இல்லைதான். ஆனால் அக்கறை வந்துவிட்டதே. செப்டம்பர் முதல் வாரம், நாலு தடியர்கள் அவன்மேல் ஏறி விழுந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் "முழங்கால்! முழங்கால்!" என்று அலறினார். நான் காதைப் பிடித்துக்கொண்டேன், என்னுடையதை. பையன் எழுந்து ஓரமாக வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். பெரிய திரையில் முகம் தெரிந்தது. இடது மடல் கொஞ்சம் சிவந்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. "அதோ, நம்மளோடது" என்று மனைவியைத் தட்டிக் காட்டினேன். அதற்குள் கோச் ஓடிவந்து, சரியாக அந்தக் காதிலேயே வாயை வைத்துக் கத்த ஆரம்பித்தார். வலது பக்கம் வந்து கத்தினால் ஆகாதா? வலது காது எவனோ ஒரு பல் டாக்டருடையதாக இருக்கும், அவனுக்குத் தாங்கும்.

அக்டோபரில் குளிர் வந்தது. டிசம்பரில் பனி. காது விறைத்துவிடுமே என்று எனக்குக் கவலை. உல்லன் மஃப்ளர் ஒன்று அனுப்பலாமா என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, ப்ளீஸ், நான் அந்த காம்பஸ்லதான் நடமாடுறேன்" என்றாள்.

ஜனவரியில் அவன், வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவ நினைக்கிறவர்கள் பேர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குள் போய்விட்டான். வழக்கமான அறிக்கைதான்: கடவுளுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி, உலகத்திலேயே சிறந்த ரசிகர்களுக்கு நன்றி. காது மடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பசுவை விற்ற பிறகு கன்றுக்கு வழக்கா என்பார்கள். நான் பசுவையும் விற்கவில்லை, கன்றையும் விற்கவில்லை, அது பாட்டுக்குக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தானாகப் போய்விட்டது, என் அரைப் பவுனோடு. "அடகுக் கடையில வச்சாலும் ஒரு ரசீது குடுப்பாங்க" என்றாள் மனைவி.

இப்போது புதிதாக ஒருத்தன் வரப்போகிறான், மறுபடியும் 96 டாலர். போன வருஷத்து மடலுக்குக் கழிவு உண்டா என்று கேட்டு டிக்கெட் ஆபீசுக்கு எழுதினேன். "உங்கள் உற்சாகத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பையன்கள் சம்பளம் வாங்குவதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. நானே பட்டவன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நூற்றுக்கணக்கான விடைத்தாளை ஆறிப்போன பீட்சாவுக்குத் திருத்திக் கொடுத்தவன். பல்கலைக்கழகம் எவ்வளவு அன்பாகச் சுரண்டும் என்று எனக்குத் தெரியாதா? அதே நாட்டில் கோச் தோற்றால்கூடப் பணம். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் தன் கோச்சை வீட்டுக்கு அனுப்பியபோது ஒப்பந்தப்படி தர வேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். நமக்கு ஏழரை என்றால் சனி வந்து உட்காரும். அங்கே சனி எழுந்து போவதற்கே ஏழரை.

அப்படியிருக்க, விளையாடுகிறவனுக்குக் கொடுத்தால் மட்டும் பாவம் என்று இருந்தார்கள். 1987-ல் டல்லஸில் எஸ்எம்யூ பல்கலைக்கழகத்துக்கு, கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துகிற சங்கம் அந்த சீசனையே ரத்து செய்தது. அதற்குப் பெயரே மரண தண்டனை. குற்றம், பையன்களுக்குப் பணம் கொடுத்தது. 2010-ல் ஒஹாயோ ஸ்டேட் பையன்கள் ஐந்து பேர் தங்கள் பரிசு மோதிரத்தையும் சட்டையையும் விற்றார்கள், பச்சை குத்திக்கொண்டார்கள் என்று ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை. அடுத்த மே மாதம் கோச்சே ராஜினாமா. பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தச் சங்கத்தின் தலையில் குட்டினார்கள். ஜூலையில் பையன்கள் தங்கள் பேரையும் முகத்தையும் விற்கலாம் என்றானது. 2025 ஜூன் 6-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி ஒப்புக்கொண்ட சமரசப்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருஷத்தில் 2.05 கோடி டாலர் வரை விளையாடுகிறவர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். எஸ்எம்யூ என்ன ஆனது என்கிறீர்களா? ஒன்பது வருஷம் டிவி பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பெரிய அணிகளின் கூட்டத்தில் சேர்ந்தார்கள், 2024-லேயே பிளேஆஃப் போய்விட்டார்கள். எண்ணெய்க் காசு உள்ள ஊர். அவர்கள் பண்ணின ஒரே தப்பு முப்பத்து சொச்ச வருஷம் முந்திக்கொண்டது.

ஆகவே நியாயம்தான். நியாயத்தின் பில் ஏன் என் வீட்டுக்கு வந்தது என்பதுதான் கேள்வி.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். பணம் திரட்டுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மொய் விருந்து என்றால் முதலில் பத்திரிகை, பிறகு பந்தல், பிறகு ஆட்டுக்கறிச் சோறு. சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் மேசையில் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார். பேர், ஊர், தொகை எல்லாம் எழுதிக்கொள்வார். நாளைக்கு என் வீட்டு விருந்துக்கு அந்தத் தொகை மேலே கொஞ்சம் போட்டுத் திரும்பி வரும். வராவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. இங்கே பையன்களுக்குப் பணம் திரட்ட ரசிகர் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மாதம் 25 டாலர். சோறும் கிடையாது, நோட்டும் கிடையாது. அந்தக் குவார்ட்டர்பேக் என் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுவானா?

நான் சொல்ல வந்தது இதுவுமில்லை. சொல்ல வந்தது சனிக்கிழமையைப் பற்றி.

ஒரு காலத்தில் சனிக்கிழமை ஒரு மணி என்றால் ஒரு மணி. இப்போது ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதே பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் தெரியும், சில வாரம் ஆறு நாளைக்கு முன்னால். டிவிக்காரர் பார்த்து முகூர்த்தம் குறிக்க வேண்டும். பகல் பன்னிரண்டோ, இரவு எட்டோ. வெள்ளைக்காரர்கள் கரியடுப்பைக் கொளுத்தவா வேண்டாமா என்று தவிக்கிறார்கள். நாம் தவிப்பதில்லை. நேரம் தெரியாத விசேஷத்துக்குப் புளிச்சோறுதான். எட்டு மணி ஆனாலும் கெடாது. கார் டிக்கியைத் திறந்துவைத்து, தூக்குவாளியை எடுத்து, வடாம் நமுத்துப்போவதற்குள் பக்கத்துக் கார்காரர்களுக்கும் கொடுத்து முடிப்பது என் மனைவியின் இருபது வருஷத்து வைராக்கியம். பக்கத்துக் கார் தாத்தா ஒருத்தர், வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர், புளிச்சோற்றுக்காகவே வருவார். போன வருஷம் அவர் வரவில்லை. கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை விட்டுவிட்டாராம். அந்த இடத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கூடாரம். அவர்களுக்கும் புளிச்சோறு கொடுத்தோம். ஒருத்தர் படம் எடுத்துக்கொண்டு பேனா கொடுத்தார்.

உள்ளே போனால் ஓரத்தில் சிவப்புத் தொப்பிக்காரர் நிற்பார். அவர் சைகை காட்டும்வரை டிவியில் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தம். டச்டவுன், விளம்பரம், ஒரு உதை, மறுபடி விளம்பரம். மைனஸ் எட்டு டிகிரியில் இருபத்திரண்டு பையன்களும் பல்லாயிரம் ஜனமும் அந்த ஒரு தொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், கோயில் நடை திறக்கக் காத்திருக்கிற மாதிரி. விளம்பரத்தில் எங்கள் குவார்ட்டர்பேக்தான் கார் விற்றுக்கொண்டிருப்பான்.

எதிரணி யார் என்பதும் குழப்பம். பஞ்ச பாண்டவர் எத்தனை பேர் என்றதற்குக் கட்டில் கால் போல மூன்று பேர் என்று சொல்லி, இரண்டு விரலைக் காட்டி, ஒன்று எழுதினானாமே, அவன் வம்சம்தான் இவர்களுக்குக் கணக்குப்பிள்ளை. பிக் டென் என்ற லீகில் 18 அணிகள். பிக் ட்வெல்வில் 16. அட்லாண்டிக் கோஸ்ட் என்ற கூட்டத்தில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருக்கின்றன, இரண்டும் பசிபிக் கரையில். நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பேக் ட்வெல்வ் 2024-ல் இரண்டே அணிகளில் வந்து நின்றது, பாகப்பிரிவினைக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அத்தைகள் மாதிரி. நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து போய் ஆடுவதற்கு லீக் ஆட்டம் என்று பெயர். எல்லாம் டிவி பணத்துக்காக என்று மகள் சொன்னாள். அவள் பொருளாதாரம் படிக்கிறாள். அவள் படிப்புச் செலவும் என்னுடையதுதான்.

நேற்று இரவு, கட்டுவதற்குக் கடைசித் தேதி நெருங்குகிறதே என்று லேப்டாப்பைத் திறந்தேன். அட்டை எண்ணைப் போடுமுன் சும்மா தேடிப் பார்த்தேன். பையனின் புதுப் பல்கலைக்கழகம் அவனை அறிமுகப்படுத்தி வீடியோ போட்டிருந்தார்கள். புது நிறம், புதுச் சட்டை, பின்னால் புகை. கேமரா மெதுவாக இடது பக்கமாகச் சுற்றி வந்தது. நான் வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.

"கடுக்கன் போட்டிருக்காங்க" என்றாள். "கல்லு நல்ல கல்லு."