வாயு மூலையில் ஒரு கூம்பு

ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்த ராமானுஜர், திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று ரகசிய மந்திரத்தை ஊருக்கே கேட்கும்படி சொன்னார் என்பார்கள். மைக்கும் கிடையாது, ஆம்ப்ளிஃபையரும் கிடையாது. அவர் ஊருக்கு அடுத்த ஒரகடத்தில் குடியிருக்கும் எனக்கோ, பத்துக்குப் பன்னிரண்டடி ஹாலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு மூன்று மீட்டர் நீளக் கூம்பு தேவைப்பட்டது.

சாதாரண ஸ்பீக்கர் சோம்பேறி ஜாதி. நூறு வாட் மின்சாரத்தைத் தின்றுவிட்டு ஒரு வாட் அளவுக்கு ஒலி தரும். பாக்கி அத்தனையும் சூடாகப் போகும். உள்ளே இருக்கும் காகிதம் கனம், எதிரே நிற்கும் காற்று லேசு. காகிதம் தள்ளத் தள்ள, காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். அதே காகிதத்தைக் குறுகலான கழுத்தில் பொருத்தி, கொஞ்சங் கொஞ்சமாக விரியும் கூம்பு வழியே ஒலியை வெளியே விட்டால் காற்றுக்கு நழுவ வழி இருக்காது.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் பெரிய ஆள் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில், ராணுவம் வெடிகுண்டு சோதிக்கும் மைதானத்தில் வேலை பார்த்தார். பகலெல்லாம் வெடிச்சத்தம் கேட்டவர் ஓய்வு பெற்று அமைதியைத் தேடியிருக்கலாம். 1946-இல் அதே ஊரில் கம்பெனி ஆரம்பித்து, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 105 டெசிபல் கேட்கும் என்று சொல்லப்படும் கூம்புப் பெட்டியை விற்றார். கடையில் கிடைக்கும் சின்ன ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85 டெசிபலை ஒட்டி நிற்கும். இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு மின்சாரம் மிச்சம்.

“கரண்ட் பில் குறையும்” என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன்.

“அப்ப இதை வாஷிங் மெஷினுக்குப் பொருத்துங்க” என்றாள் மனைவி. அதோடு நிறுத்தவில்லை. “வல்லம் வடகால்ல யமஹாக்காரனே ஸ்பீக்கர் செய்யறானாமே, அங்க போய்க் கேளுங்களேன்.”

“அது பைக் கம்பெனி இல்லையோ?” என்றார் அம்மா. இரண்டு பேரும் சொன்னது சரி. பைக் செய்யும் யமஹா வேறு, 2019 முதல் கீபோர்டும் கிதாரும் மேடை ஸ்பீக்கரும் செய்யும் யமஹா வேறு. இரண்டுமே வல்லம் வடகால் சிப்காட்டில்தான் இருக்கின்றன. நல்ல ஸ்பீக்கர் இவ்வளவு பக்கத்தில் தயாராகும்போது நானே ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒரு பதில் தோன்றும். வீட்டு வாசலில் இறங்கியதும் மறந்துபோகும்.

கணக்கைப் பார்ப்போம். 40 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்க ஆசை. அந்தச் சுருதியின் ஒரு அலை நீளம் எட்டரை மீட்டர். கூம்பு வாயின் சுற்றளவு ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டுமென்றால் வாயின் அகலம் ஒன்பதடி. அப்புறம் ஹாலில் மூன்றடி மிச்சமிருக்கும். அதில் சோபா போட்டுக்கொள்ளலாம். கிளிப்ஷ் இங்கேதான் கில்லாடி. பெட்டியை அறையின் மூலையில் தள்ளிவிட்டால் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து கூம்பின் கடைசிப் பகுதியாகிவிடும்; எட்டில் ஒரு பங்கு வாய் இருந்தாலே போதும். கழுத்து நூறு சதுர சென்டிமீட்டர், ஒவ்வொரு 47 சென்டிமீட்டருக்கும் பரப்பு இரட்டிப்பு என்று விரித்துக்கொண்டே போனால் நீளம் மூன்று மீட்டரைத் தொடும். எட்டு முழ வேட்டியை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கிற மாதிரி அதைப் பெட்டிக்குள் மடித்துவிடலாம். கீழ்ச்சுருதி வளைவுகளில் சமர்த்தாகத் திரும்பிவிடும். மேல்சுருதி திரும்பாது, அதற்குத் தனியாகச் சின்னக் கூம்பு.

ஆக, எனக்கு வேண்டியதெல்லாம் காலியாக இரண்டு மூலை.

ஹாலை ஆய்வு செய்தேன். ஈசானியத்தில் சாமி மாடம். அக்னி மூலையில் அடுப்படி வாசல். அங்கே மூலையே கிடையாது. கன்னி மூலையில் பீரோ. பணம் தங்கும் மூலையாம். எங்கள் பீரோவைத் திறந்து பார்த்தால் வாஸ்து புருஷனுக்கே சாஸ்திரத்தில் சந்தேகம் வந்துவிடும். மிச்சமிருந்தது வாயு மூலை. அங்கே அரிசி டிரம்மும், பையன் ஓட்டி முடித்த மூன்று சக்கர சைக்கிளும் பட்டா வாங்கிக் குடியிருந்தன.

“ஸ்பீக்கர்னா காத்து சம்பந்தப்பட்டதுதானேடா? வாயு மூலைல வைக்கலாம்” என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். கிளிப்ஷின் காப்புரிமைப் பத்திரத்தில்கூட இவ்வளவு தெளிவான காரணம் இருந்திருக்காது.

மரத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. ரெனோ, டெய்ம்லர், என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள். எந்திரமும் உதிரிபாகமும் ஏறி வரும் பெட்டியும் பேலட்டும் கடைசியில் சாலையோரக் கடையில் கட்டையாகக் குவியும். ஒவ்வொன்றிலும் கதிர் போட்ட முத்திரை. நான் வாங்கியதில் அதன் பக்கத்தில் ‘கே.ஆர்., எச்.டி.’ என்று எழுத்து. கொரியாவிலிருந்து வந்தது, நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் அரைமணி வைத்துப் பூச்சி கொல்லப்பட்டது என்று அர்த்தம். இத்தனை சர்ட்டிபிகேட்டோடு எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஆசாமி அந்தக் கட்டைதான்.

ஆசாரி அதை வாங்கிக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது. “இதுல பொட்டி செஞ்சா பாட்டு கேக்காது சார். பொட்டிதான் பாடும்.”

ஒலியியல் புத்தகம் ஒரு அத்தியாயம் செலவழித்துச் சொல்வது அதுவே. கொரியாக்காரர் முட்டுக்கட்டை வேலைக்குப் போனார். பலகைக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் வந்தது.

நான் கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. 0.05 மில்லிமீட்டர் பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன். அதே பழக்கத்தில் வரைபடம் போட்டு நீட்டினேன். ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “ஒரு நூல் முன்னபின்ன இருக்கும். பரவால்லியா?” ஒரு நூல் என்பது எட்டில் ஓர் அங்குலம், மூன்று மில்லிமீட்டருக்கும் மேலே. கம்பெனியாக இருந்தால் லைனை நிறுத்தியிருப்பேன். இங்கே லைனை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருந்ததால் தலையாட்டினேன். எட்டரை மீட்டர் அலைக்கு ஒரு நூல் கண்ணுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

தெரிவது ஓட்டை. காகிதத்துக்குப் பின்னால் உள்ள அறையில் ஊசித்துளை இருந்தாலும் காற்று சீறும். மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து இணைப்புகளில் பூசினோம். பிறகு தாழ்ந்த சுருதி ஒன்றை ஓடவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே வந்தேன். புகை துடித்த இடத்தில் ஓட்டை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பொட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

மேல்சுருதிக்கு யூனிட் வாங்க மைக்செட் அண்ணன் ஒருவரிடம் போனேன். என் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். “இதுக்கா சார் இவ்ளோ கணக்கு? நம்ம குழாயும் இதேதான்” என்று ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். உண்மைதான். ஆடி மாதம் அம்மன் கோயில் புளியமரத்தில் கட்டும் குழாயிலும் ஒலி உள்குழாயில் முன்னே போய், திரும்பி, மறுபடி திரும்பித்தான் வெளியே வருகிறது. இரண்டு மடிப்பு. அளவு சின்னது என்பதால் நாதஸ்வரம் மூன்று கிலோமீட்டர் போகும், தவில் கூடவே போகாது.

என் பெட்டி கோயில் குழாய்க்குச் சொந்தக்காரர் என்று தெரிந்ததும் மாடி வீட்டுக்காரர் வந்துவிட்டார். கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறதே என்றார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கால் வாட்டுக்கே சட்டத்தை மீறக்கூடிய சாமானை அரிசி டிரம் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். நூறு மடங்கு மிச்சம் பிடித்து என்ன செய்ய? வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே, பூஜ்யத்தை ஒட்டி வைத்துத்தான் கேட்கிறேன். அந்த மெல்லிய சத்தத்திலும் டபுள் பேஸ் தந்தியை விரல் விடும் இடம் தனியாகக் கேட்கிறது. இதை வீட்டில் யாரிடம் சொன்னாலும் “சரி, சாப்பிட வாங்க” என்பதே பதில்.

இரண்டாவது பெட்டி பேச்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். ஸ்டீரியோவுக்கு இரண்டு மூலை வேண்டும், பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்றேன்.

“ஒத்தைப் பொட்டில பாட்டு கேக்காதா?”

“கேக்கும். ஸ்டீரியோ ரெக்கார்டு கடைக்கு வந்ததே 1958-லதான். தமிழ்ல இன்னும் லேட். 1978-ல வந்த ‘பிரியா’தான் முதல் ஸ்டீரியோ படம்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் எல்லாமே மோனோ, ஒத்தை ஸ்பீக்கர் போதும்.”

பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நல்லதாப் போச்சு. ‘பிரியா’வுக்கு முந்தின பாட்டெல்லாம் நீங்க கேளுங்க. பிந்தினதை நான் என் போன்ல கேட்டுக்கறேன்.”