மண்டிக்காரருக்கு ஐம்பது கிராம்

மதுராந்தகத்தில் அரிசி மண்டி நடத்துகிற மனிதரிடம், "இனிமே சோத்தை ஸ்பூன்ல அளந்து சாப்பிடுங்க சார்" என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். சித்தப்பாவின் டயட்டீஷியன் மேடத்துக்கு அது இருந்தது. முப்பது வயதுகூட ஆகாத பெண். மேசையில் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு. மூட்டைகளை எடை போட்டே முடி நரைத்த சித்தப்பா, அந்தத் தராசைப் பார்த்த பார்வையில் தொழில்முறை இளக்காரம் நிறைய இருந்தது.

அவர் செய்துகொண்டது எடையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவத்தில் விட்டுவைப்பார்கள். ஒரு லிட்டருக்கு மேல் தாங்கிய பை, அதன்பிறகு 100 முதல் 150 மில்லியோடு கதவைச் சாத்திவிடும். பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கிற இடமும் வெட்டிய பகுதியோடு போய்விடுகிறது. "ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்குச் சித்தப்பா, எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். 2005-ல் மாரடோனா, 2011-ல் நிதின் கட்காரி, 2014-ல் அருண் ஜெட்லி. "அடுத்தது நான்" என்பார். ஏதோ கட்சிப் பொறுப்பு மாறி மாறிக் கைக்கு வந்த மாதிரி.

ஆபரேஷன் முடிந்து முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டித் திரவம், பிறகு மசித்தது, பிறகு குழைவானது என்று ஒன்றிரண்டு மாதம் ஓடியது. சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பும் நாளில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மேடம், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கார்ப்ஸ்?"

மேடம் சொன்னது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குதான். ஆரம்ப மாதங்களில் 50 கிராமை ஒட்டி. சாப்பிடும் அளவு கூடக் கூட, மெதுவாக 130 வரை. இந்த 130 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. மூளை ஒரு நாளில் எரிக்கும் குளுக்கோஸை வைத்து அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வகுத்த அளவு.

சித்தப்பா செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் கார்ப்ஸ், அதாவது மாவுச்சத்து. அப்படியென்றால் 26 கிலோ மூட்டையில் இருபது கிலோவுக்கு மேல். நாளுக்கு ஐம்பது கிராம் என்றால் ஒரு மூட்டை நானூறு நாளைத் தாண்டும். அவர் முகம் இருண்டது. "எல்லாரும் இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டா மண்டிய இழுத்து மூட வேண்டியதுதான்!"

அதென்ன 26 கிலோ என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. மறுவாரமே மூட்டைகள் ஒரு கிலோ சதை போட்டுவிட்டன. சட்டத்தின் எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோ தள்ளி நிற்கத் தெரிந்த தொழிலில் ஊறியவர் சித்தப்பா. ஐம்பது கிராமை மட்டும் சும்மா விடுவாரா? "அது ஒரு வேளைக்குத்தானே மேடம்?" என்று கேட்டுப் பார்த்தார். மேடம் சிரிக்கவில்லை.

உண்மையில் சிக்கல் அந்த எண்ணில் இல்லை, இடத்தில் இருக்கிறது. வெந்த சோறு நூறு கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. நாளெல்லாம் சேர்த்து நூற்றெழுபது, நூற்றெண்பது கிராம் சோறு தின்றாலே ஐம்பது நிறைந்துவிடும். ஆனால் அதே குட்டி இரைப்பைக்குள் நாளொன்றுக்குக் குறைந்தது அறுபது கிராம் புரதமும் போயாக வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்த்துத் தசையும் கரையும், தலைமுடியும் கொட்டும். நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு. சோறு முதலில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் மீனுக்கு இடமில்லை. ஆகவே மேடத்தின் கட்டளை ஒரே வரி: முதலில் புரதம், அடுத்து காய், மிச்ச இடத்தில் சோறு. எத்தனை கிராம் என்று தூக்கம் கெடுவதைவிட, எது முன்னால் எது பின்னால் என்று பார்த்தால் பாதிக் கணக்கு தானாக முடிந்துவிடும்.

இதைச் செங்கல்பட்டுச் சீமையில் சொல்வது லேசுப்பட்ட காரியமா? ஏரிகளுக்குப் பேர்போன மாவட்டம். கிழக்கிந்தியக் கம்பெனியே 1767-ல் பர்னார்டு என்பவரை அனுப்பி, ஊர் ஊராகக் கணக்கெடுக்க வைத்த நெல் பூமி. இப்போதைய நிலவரமும் வேறில்லை. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று சென்னை டாக்டர் மோகன் குழுவினரின் ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது. சித்தப்பாவின் பழைய விகிதம் அதைவிட மேலே இருந்திருக்கும் என்பது சித்தியின் கணிப்பு.

உறவினர்கள் கஞ்சியோடு வந்தார்கள். "கஞ்சி குடிச்சா தெம்பு வரும்" என்பது அவர்கள் வாதம். தெம்பு வருமோ வராதோ, கஞ்சி தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முறுக்கும் மிக்சரும் அதே ஜாதி. கடிக்கும்போதுதான் கரகரப்பு, எச்சில் பட்டதும் கூழ். அரை முட்டையில் "போதும்" என்று கும்பிடுகிற இரைப்பை, ஒரு பாக்கெட் முறுக்கை மூச்சுக் காட்டாமல் உள்ளே விடும். ஆபரேஷன் செய்தும் எடை திரும்ப ஏறுகிறவர்கள் பலருக்கு வில்லன் சோறே இல்லை, டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் முறுக்கு டப்பாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே மாமல்லபுரம் போனது. கடற்கரையில் சித்தப்பாவுக்கு யோகம். சங்கரா மீனில் மாவுச்சத்து கிடையாது. (பொரிக்கும்போது மேலே அப்புகிற மாவைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அவர் சேர்க்கவில்லை.) பட்டாணிச் சுண்டலும் மோசமில்லை. நூறு கிராமில் இருபது கிராம் மாவுச்சத்து இருந்தாலும் எட்டு கிராம் புரதமும், ஏறக்குறைய அதே அளவு நாரும் கூடவே வருகின்றன. பஞ்சு மிட்டாய் விஷயத்தில் அரசே கை கொடுத்தது: ரோடமின்-பி சாயம் கலந்திருக்கிறது என்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டார்கள். சுத்தச் சர்க்கரை என்ற குற்றத்துக்காக யாரும் தடை போடுவதில்லை.

அர்ச்சுனன் தபசுப் பாறையில் விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைக் காட்டி, "என் டார்கெட் இவர்தான்" என்றார் சித்தப்பா. சித்தி அதே பாறையின் கீழ்ப்பக்கம் கை நீட்டினாள். அங்கே ஒரு பூனையும் தவசி போலவே கை தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். "டயட்டீஷியன் முன்னாடி நீங்க உக்காந்திருக்கிற போஸ் இதுதாங்க."

வெண்ணெய் உருண்டைப் பாறையடியில் சித்தப்பா விடவில்லை. வெண்ணெயில் கார்ப்ஸ் அனேகமாகப் பூஜ்யம் என்று அறிவித்தார். அது உண்மைதான். 1908-ல் கவர்னர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் பாறை அசையவில்லை என்று வழிகாட்டி கதை சொல்ல, "ஆபரேஷனுக்கு முன்னாடி இவரை எழுப்புறதும் அப்படித்தான்" என்றாள் சித்தி.

2019 அக்டோபரில் இங்கே மோதியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது விருந்தில் கவுனி அரிசி அல்வா இருந்ததாகச் செய்தி வந்ததல்லவா? அதையும் சித்தப்பா ஆதாரமாக நீட்டினார்: "கருப்பரிசி உடம்புக்கு நல்லது!" கவுனியில் நார் அதிகம் என்பது சரி. மாவுச்சத்து ஏறக்குறைய வெள்ளை அரிசி அளவுதான். அதில் சர்க்கரையும் நெய்யும் கொட்டி அல்வா கிண்டினால் பாரம்பரியம் வந்து காப்பாற்றாது.

அடுத்த செக்கப்பில் அவர் திருக்கழுக்குன்றத்தையே சாட்சிக்கு அழைத்தார். மலை மேல் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். நூற்றாண்டுகளாக நடந்த வழக்கம், 1990-களின் முடிவில் நின்றுபோனது. பறவை ஆராய்ச்சியாளர்கள் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். செத்த பிராணியைத் தின்கிற இனம். "கறி தின்கிற பறவையே பொங்கல் சாப்பிட்டிருக்கு மேடம்!"

"ஒரு கைப்பிடி சாப்பிட்டுட்டு, காசி வரைக்கும் பறந்ததுன்னு சொல்வாங்க சார். நீங்க?"

சித்தப்பா மதுராந்தகம் வரைக்கும் காரில் போனார்.

அவரை அடக்கியது மேடம் இல்லை, சிங்கப்பெருமாள்கோவில் கல்யாணத்தில் ஒரு கப் பாயசம். குடித்து இருபது நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, வயிறு பிசைந்தது. டம்பிங் என்பார்கள்: சர்க்கரை தடுப்பே இல்லாமல் சிறுகுடலில் போய் விழ, அது நீரை இழுத்துக்கொள்வதால் வரும் கலவரம். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் ஆட்களையும் விடுவதில்லை. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை சரிந்து இரண்டாம் காட்சியும் உண்டு. உறவினர்கள் உடனே நோயைக் கண்டுபிடித்தார்கள். திருஷ்டி. இளைத்துவிட்டாரே, ஊர்க் கண் பட்டுவிட்டது. உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அரைமணியில் சரியாயிற்று. பெருமை மிளகாய்க்கு.

பயந்துபோன சித்தப்பாவுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான் பையன் மாற்று வழி சொன்னான்: கார்ப்ஸ் சுத்தமாகப் பூஜ்யம். கீரை, பருப்பு, பழம் எல்லாம் காலி. சில நாளில் மலச்சிக்கலும் களைப்பும் வந்து சேர்ந்தன. சித்தப்பாவின் கோபத்தை மண்டி ஆட்கள் அனுபவித்தார்கள். மேடம் பருப்பையும் காயையும் திரும்பக் கொடுத்தார், கூடவே ஒரு இட்லி. அதில் சுமார் பத்து கிராம் மாவுச்சத்து. சட்னியைக் குறைத்து, சாம்பாரில் பருப்பைக் கூட்டச் சொன்னார். விட்டமின் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று சித்தியிடம் தனியாகச் சொன்னார். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடித்து அரைமணி கழித்துத்தான்.

போன மாதம் திருப்போரூரில் ஒரு கல்யாணம். சித்தப்பா இலையை எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கூட்டு, பொரியல், சுண்டல், தயிர். ஸ்வீட்டைப் பக்கத்து இலைக்குத் தள்ளினார். சோற்று வாளியோடு வந்த பையனைக் கையமர்த்தி, "ரெண்டு ஸ்பூன், கடைசில" என்றார்.

பையன் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "சமையல்ல எதுனா தப்பா சார்? மாஸ்டரைக் கூப்பிடவா?"

"தப்பு ஒண்ணும் இல்லப்பா. இது நம்ம மண்டி அரிசிதான். நீ அந்தக் கூட்டை இன்னொரு கரண்டி போடு."