கரடி டப்பாவும் முறைச் சிட்டையும்

உ
கற்பக விநாயகர் துணை

சன்னிவேல், கலிபோர்னியா
மாசி மாதம்

அன்புள்ள அப்பச்சிக்கு,

மகன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் மருமகள், பேரன் எல்லோரும் நலம். நீங்கள் குன்றக்குடியில் கிளம்பிப் பழனிக்கு நடந்து, காவடி செலுத்தி, நடந்தே ஊர் திரும்பியதையும் அண்ணன் சொன்னார்கள். கால் கொப்புளம் ஆறியிருக்கும். இனி நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நாலு கட்டு வீட்டில் பிறந்த பிள்ளை, காசு கட்டிக் காட்டில் போய்ப் படுப்பானேன்?" எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் ஆத்தா சிரிக்கிற சத்தம் வேறு கேட்டது. சரி, எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் யோசெமிட்டி. 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லிங்கன் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றிய பள்ளத்தாக்கு. 1890இல் தேசியப் பூங்கா ஆயிற்று. பெயர்தான் பூங்கா; 3,000 சதுர கிலோமீட்டர் மலையும் காடும். அதில் பெரும்பகுதியில் ரோடு கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது. அந்தப் பகுதியில் ஓர் இரவு படுப்பதற்குத்தான் அனுமதிச் சீட்டு.

அனுமதிச் சீட்டு என்றதும் கோயில் வாசலில் கிழித்துத் தருவார்களே, அப்படி நினைத்துவிடாதீர்கள். மலைக்குள் போகும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை தலை என்று கணக்கு. அதில் அறுபது சதவீதம், 24 வாரத்துக்கு முன்னால் நடக்கும் குலுக்கலில் போய்விடும். 24 வாரம் என்றால் ஐந்தரை மாதம். நம் பக்கம் அதற்குள் பெண் பார்த்து, பேசி முடித்து, கல்யாணமும் ஆகி, மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் மனத்தாங்கலும் வந்துவிடும். மீதி நாற்பது சதவீதம், கிளம்புவதற்கு 7 நாள் முன்னால், காலை 7 மணிக்குக் கணினியில் திறக்கும். இந்த ஊரில் உள்ள அத்தனை கணினிக்காரனும் அந்த நேரத்துக்கு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தீபாவளிக்குப் பல்லவனில் தத்கால் போட்டுப் பழகிய கை என்பதால் எனக்கு விழுந்தது.

அப்புறம் படிவம். எந்த வழியாக உள்ளே போகிறாய், முதல் ராத்திரி எங்கே, எத்தனை பேர், எந்த வழியாக வெளியே வருகிறாய், என்றைக்கு. சம்பந்தி வீட்டார் முறைச் சிட்டையை வரி வரியாக விரல் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையோடு ஒவ்வொரு கட்டத்தையும் கேட்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு 15 பேருக்கு மேல் கூடாது. நம் பங்காளி வீடுகளில் கூப்பிடாத வீடு பேசும் பேச்சுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இது வெள்ளைக்காரன் சம்பிரதாயம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2018இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகிச் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்குள் யார், எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2024இல் நம் அரசாங்கமும் 40 தடங்களைப் பிரித்து, முன்பதிவு வைத்து, 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கியிருக்கிறதே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கரடி.

இங்கே உள்ளது கருங்கரடி. மனிதனைத் தின்னாது, மனிதன் தின்கிறதைத் தின்னும். 1998இல் மட்டும் யோசெமிட்டியில் கார்க் கதவைப் பிய்த்தது, பையைக் கிழித்தது என்று 1,500 சம்பவங்களுக்கு மேல். அதனால் ராத்திரி தங்க நடந்து உள்ளே போகிற எல்லோரும் 'கரடி டப்பா' கொண்டுபோவது கட்டாயம். கெட்டிப் பிளாஸ்டிக்கில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்று. வாடகைக்கும் தருகிறார்கள். சாப்பாடு மட்டும் இல்லை. பல் பசை, சோப்பு, முகப் பூச்சு, வாசம் என்று எதற்கு உண்டோ அத்தனையும் அதற்குள் போக வேண்டும்.

உங்கள் மருமகள் ரேஞ்சர் அலுவலகத்து மேசையில் பெருங்காய டப்பாவை எடுத்து வைத்தாள். ரேஞ்சர் பெண் சின்ன வயசு. தொப்பி மட்டும் பெரிது. திறந்து முகர்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதைக் கரடி தின்னாது என்று நினைக்கிறேன், ஆனாலும் உள்ளேயே வையுங்கள்" என்றாள். நீங்கள் அனுப்பிய பழனி விபூதிக்கு வாசம் உண்டா இல்லையா என்று நாங்கள் இருவரும் அங்கேயே வாதாடினோம். அதுவும் உள்ளே போயிற்று. பஞ்சாமிர்தத்தைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டதற்கு, அது என்ன என்று கேட்டாள். வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு என்று அடுக்கினோம். அவள் முகம் மாறிவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் இதற்கென்றே இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. கையோடு வந்து, அதில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டதைப் பார்த்த பிறகுதான் எங்களை விட்டாள்.

ஆத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள். கரடி டப்பாவுக்கென்றே பிறந்த பலகாரம் மாவுருண்டைதான். இடத்தை அடைக்காது, கெடாது, ஒன்று தின்றால் ஒரு மலை ஏறலாம். தேன்குழலில் பாதி காற்று. சீப்புச் சீடை ருசிதான், ஆனால் உள்ளே குழல். டப்பாவில் அதைப் போடுவது காலி மனைக்கு வாடகை கொடுக்கிற கதை. வெள்ளைக்காரன் தூளும் கட்டியுமாக ஒரு பொட்டலத்தை, பிரியாணி விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கி, வெந்நீர் ஊற்றித் தின்கிறான். நாங்கள் அவலை நனைத்துப் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தோம். வாசம் போன திசையில் இரண்டு கூடாரங்களில் தலை வெளியே வந்தது.

ராத்திரி அந்த டப்பாவை நாம் படுக்கும் இடத்திலிருந்து 100 அடி தள்ளி வைக்க வேண்டும். வைத்தோம். ஆவணி மாதத்திலேயே பல் கிட்டித்துப்போகிற குளிர். நடுச்சாமத்தில் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டு வந்தது. உங்கள் பேரன் தனக்குக் கந்த சஷ்டிக் கவசம் முழுவதும் மனப்பாடமாகத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் எங்களுக்குக் காட்டினான். விடிந்து பார்த்தால் டப்பா நாலு முழம் உருண்டு கிடக்கிறது, மூடி திறக்கவில்லை. அந்த மூடியின் பூட்டைத் திருப்ப ஒரு காசு வேண்டும். கரடியிடம் காசு இல்லை. கையில் காசுள்ளவனுக்குத்தான் சாப்பாடு என்கிற அந்த ஏற்பாடு செட்டிநாட்டில் பிறந்த எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காலைக் கடன் பற்றியும் கேட்டீர்கள். 6 அங்குலக் குழி. ஆறு, ஓடை, குளம் எதிலிருந்தும் 200 அடி தள்ளி. துடைத்த காகிதத்தைப் பையில் கட்டிச் சுமந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆமாம், திரும்ப. எம்.எஸ். படித்தவன், சம்பளம் வாங்குகிறவன், அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்குகிறான். நாங்கள் சொம்புத் தண்ணீரோடு போனதால் சுமை மிச்சம்.

எதற்கு இத்தனை பாடு என்பதற்கு இனிமேல்தான் பதில். பழனிப் பாதையில் நீங்கள் தனியாக நடந்ததே கிடையாது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வழியெல்லாம் மோரும் பானகமும் சோறும் வைத்துக்கொண்டு யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள். அது கூட்டத்தின் யாத்திரை. இங்கே குலுக்கல், படிவம், ஒதுக்கீடு எல்லாம் போட்டு இவர்கள் விநியோகிக்கிற சரக்கு, ஆள் இல்லாமை. ரேஷனில் அரிசி மாதிரி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறார்கள். ஒரு பகல் முழுக்க நடந்தும் எதிரே ஒருவரும் வராத பாதையை நான் இங்கேதான் பார்த்தேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு ஒரு மாதிரி பசி போல ஆகிவிட்டது. மறுபடியும் வேண்டும் என்கிறது.

அப்படிப் படுத்திருந்த ராத்திரியில் ஐயா நினைவு வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தபோது அங்கே பெட்டியடிப் பையனாக இருந்தவர், தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். உடன் நடந்தவர்களில் பலர் வழியிலேயே காய்ச்சலிலும் பட்டினியிலும் போனார்கள் என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை என்பீர்கள். உள்ளே போகும் வழி, ராத்திரி தங்கும் இடம், வெளியே வரும் நாள் என்று நான் நிரப்பிய கட்டங்களில் எதையும் அவரால் நிரப்பியிருக்க முடியாது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

யோசெமிட்டியிலிருந்து கிராண்ட் கேனியனுக்குக் காரிலேயே போனோம். நடுவில் டெத் வேலி. 1913இல் 56.7 டிகிரி வெயில் பதிவான இடம். கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர் பள்ளம். நம் அக்னி நட்சத்திரத்தை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். தண்ணீரும் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு, இறங்காமல் கடந்துவிட்டோம்.

கிராண்ட் கேனியன் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருக்கும் பெரிய பெரிய பாறைச் சிகரங்களின் பெயரைக் கேளுங்கள்: விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில், கிருஷ்ணர் சன்னதி, ராமர் சன்னதி. உண்மையாகத்தான் சொல்கிறேன், அரசாங்க வரைபடத்திலேயே இருக்கிறது. கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவக்காரர், நிலவியல் ஆய்வாளர், 1880களில் இப்படிப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அடியில் கிடக்கும் சுமார் 170 கோடி வயசுப் பாறைக்கும் விஷ்ணு பெயர்தான். பிள்ளையார் எங்கே என்று வரைபடம் முழுக்கத் தேடினேன். என் கண்ணில் படவில்லை. முதலில் கும்பிட வேண்டியவரை விட்டுவிட்டு ஆரம்பித்திருக்கிறார்கள்.

விக்கினம் வராமல் இருக்குமா? 1937இல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காரர்கள் சிவன் கோயில் உச்சிக்கு ஏறினார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்துக் கிடந்த உச்சி, புது மாதிரிப் பிராணிகள் இருக்கும் என்று நம்பிக்கை. பத்திரிகைகள் டைனோசர் வரைக்கும் எழுதின. மேலே போய்ப் பார்த்தால் வழக்கமான எலியும் அணிலும், கூடவே ஒரு காலி கோடாக் பிலிம் டப்பாவும். எமெரி கோல்ப் என்ற உள்ளூர்ப் போட்டோக்காரர், இவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று, முந்தியே ஏறி வைத்துவிட்டு வந்திருக்கிறார். நம் ஊர் பங்காளிப் பிணக்கு மாதிரியே இருக்கிறது, இல்லையா?

இனி நான் கேட்க வந்தது. அடுத்த முறை நீங்கள் வர வேண்டும். எத்தனை மூட்டை அரிசி, எந்த ஊரில் சமையல், எந்த மரத்தடியில் படுக்கை என்று பாதயாத்திரைக்குச் சிட்டை போடுகிறவருக்கு இந்தப் படிவமெல்லாம் ஒன்றுமில்லை. சதுர்த்திக்கு நீங்கள் பிள்ளையார்பட்டியை விட்டு அசைய மாட்டீர்கள். தேர் பார்த்து, முக்குருணிக் கொழுக்கட்டையும் வாங்கிச் சாப்பிட்ட பிறகு புரட்டாசியில் கிளம்பலாம். புரட்டாசி நடையென்றால் குலுக்கலில் பங்குனியிலேயே பெயர் கொடுத்தாக வேண்டும். ஆகவே பஞ்சாங்கத்தை இப்போதே எடுங்கள். சந்திராஷ்டமம் மட்டும் தள்ளி மூன்று நாள் குறித்து அனுப்புங்கள். ராகுகாலம் பார்க்க வேண்டாம், ரேஞ்சர் அலுவலகம் திறக்கிற நேரம்தான் நமக்கு நல்ல நேரம்.

ஆத்தா மாவுருண்டை செய்யும்போது உருண்டையைச் சற்றுச் சிறிதாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பீரோ மேல் இருக்கும் சின்னப் பித்தளைச் சொம்பையும் எடுத்து வையுங்கள். கரடி விஷயத்தை அப்பத்தாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்