இல்லாத சப்பாத்தின் விலை

பிரிக்பீல்ட்ஸ் ஜிம் பையன்களுக்கு இப்போது ஒரே தேடல்: காலில் போட்டும் போடாததுபோல் இருக்கும் சப்பாத்து. காரணம் நியாயமானதுதான். ஓட்டச் சப்பாத்தின் மெத்தென்ற நுரை, 150 கிலோவைத் தூக்கும்போது அமுங்கி ஆடும். மெல்லிய, தட்டையான அடி ஆடாது; டெட்லிஃப்டில் எடை ஏறவேண்டிய தூரமும் இம்மியளவு குறையும். குதிகால் உயர்ந்த சப்பாத்து, கணுக்கால் மடங்க மறுக்கும் ஸ்குவாட்காரர்களுக்கு.

ஆக, வேண்டியது மெல்லிய ரப்பரும் விரல் விரிய இடமும் மட்டுமே. ஆனால் சரக்கு குறையக் குறைய விலை ஏறுவது இந்த ‘மினிமலிஸ்ட்’ சப்பாத்துக் கடையில்தான். இந்த எளிமை புதிதுமல்ல: கிள்ளானில் ஃபங் கியோங் ஆலை ஒரு காலத்தில் ரப்பர் அடி வைத்த கேன்வஸ் சப்பாத்துகளைச் செய்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார் பலருக்கோ அதுவும் இல்லை. விளம்பரதாரர் இல்லாத மினிமலிஸ்டுகள்.

வெறுங்காலிலேயே தூக்கலாமே என்றால், சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் காலணியில்லாமல் மேடையேற்றாது. எனவே இல்லாததைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். அதற்குமுன் தம்பியின் தட்டை அடிப் பள்ளிச் சப்பாத்தை மாட்டிப் பாருங்கள். மலேசியாவில் 2021 முதல் அதுவும் கறுப்புதான். ஜிம்மில் யாருக்கும் சந்தேகம் வராது.