நேர்கோட்டார்

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடிக்காரர் கார் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. இப்போது வாட்ச்மேன் உட்பட எல்லாருக்கும் அவர் நேர்கோட்டார். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயது ஐம்பதை ஒட்டி, பையன் காலேஜுக்குப் போனபிறகு, பி.எஃப்.பில் கொஞ்சம் லோனில் மீதி என்று முதல் கார் வாங்கியவர்கள். சீட்டின் பாலித்தீன் உறையைக் கழற்ற மனசு வராது. யார் ஏறி உட்கார்ந்தாலும் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். தினமும் காலையில் கீழே இறங்கி, குத்துக்காலிட்டு, டயரின் உள் விளிம்பிலும் வெளி விளிம்பிலும் மாறிமாறி விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா என்று சோதிக்கிறார்களாம். வண்டி ஓடியிருப்பது முந்நூறு கிலோமீட்டர்.

ஷோரூமிலிருந்து வண்டியை நேரே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோனார். சென்னையில் புது வண்டிக்கு அதுதான் வழக்கம். பூசாரி கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நம் ஆள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, “நாலும் ஒரே சைஸா இல்லையே” என்றார். பூசாரி முப்பது வருடமாக வண்டிகளுக்குப் பூஜை போடுகிறவர். இப்படி ஒரு பக்தரை முனீஸ்வரனும் பார்த்திருக்க மாட்டார். வலது முன் பழம் பெரிது, அதில் ஏறி இறங்கியதில்தான் அலைன்மென்ட் போயிற்று என்பது நேர்கோட்டாரின் நெடுநாள் சந்தேகம்.

போயிற்று என்று எப்படித் தெரியும்? மறுநாள் சர்வீஸ் ரோட்டில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பார்த்தார். வண்டி மெதுவாக இடப்பக்கம் போயிற்று. அவ்வளவுதான், ராத்திரி தூக்கம் போய்விட்டது.

இத்தனைக்கும் இவர் இருபது வருடம் 1994 மாடல் பஜாஜ் சேத்தக் ஓட்டியவர். அதன் மீட்டர் முள் ஒரு மழைக்காலத்தில் நாற்பதில் செத்து நின்றது. வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டாலும் நாற்பது. மேம்பாலத்தில் மூச்சு வாங்கினாலும் நாற்பது. பன்னிரண்டு வருடம் அந்த நாற்பதிலேயே ஆபீஸ் போய்வந்தார், ஒரு நாள்கூட முள்ளைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. நேராகப் போவதைப் பற்றியும் பட்டதில்லை. சேத்தக்கின் என்ஜின் முழுக்க வலப்பக்கம் தொங்கும். ஓட்டுகிறவர் தராசில் படிக்கல் போல இடுப்பை இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தி உட்கார்ந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். அன்றைக்கு ஸ்கூட்டரில் போன அப்பாக்கள் எல்லாரும் கொஞ்சம் சாய்ந்த அப்பாக்கள்தான்.

அது வேறு, இது ஒன்பது லட்சம்.

நான் ஒரு சமாதானம் சொன்னேன். மழைத்தண்ணீர் தேங்காமல் ஓரத்துக்கு ஓடுவதற்காக ரோட்டுக்கு வாட்டம் வைத்திருப்பார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் விட்டால் எந்த வண்டியும் லேசாக இடப்பக்கம்தான் போகும். மொட்டைமாடித் தளத்துக்கு வைக்கிற அதே வாட்டம். அவர் யோசித்துவிட்டு, “அப்ப ரைட் சைடுல ஓட்டினா ரைட்ல போகணும் இல்ல?” என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆளில்லாத தெருவில், ராங் சைடில், சாட்சியாக என்னையும் ஏற்றிக்கொண்டு சோதனை நடந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் எங்கள் இருவரின் வம்சத்தையும் விசாரித்துவிட்டுப் போனார். வண்டி வலப்பக்கம்தான் போயிற்று. நான் சொன்னது நிரூபணமாகிவிட்டதே என்றால், “ரைட்ல கம்மியாப் போச்சு சார், கவனிச்சீங்களா?” என்கிறார்.

பிறகு வீல் அலைன்மென்ட் கடை. முன் சக்கரங்கள் தட்டின் மேல் நிற்க, நாலு சக்கரத்திலும் கவ்வி மாட்டி, ஸ்டியரிங் அசையாமல் ஒரு கம்பியை சீட்டுக்கு முட்டுக்கொடுத்து, எதிரே டி.வி. மாதிரி ஒரு திரை. சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கடைப் பையன் திரையைப் பார்த்துச் சொன்னான்: “லெஃப்ட் டோ அஞ்சு மினிட் அவுட்டு சார்.”

“பரவால்லப்பா, வெயிட் பண்றேன்.”

பையன் சிரிக்கவில்லை. தினமும் நாலு பேர் இப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு மினிட். ஐந்து மினிட் என்பது டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தால் தெரியாது. பையன் அடியில் குனிந்து, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பேனரால் ஒரு கால் சுற்று திருப்பினான். சிவப்பு எண் தயங்கித் தயங்கிப் பச்சையானது. அந்த நொடியில் நேர்கோட்டார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சொந்த மகன் பிளஸ் டூவில் பாஸான அன்றைக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை.

ஆனால் பக்கத்திலேயே கேம்பர் என்று ஒரு எண் மஞ்சளும் பச்சையுமாக நின்றது.

“அதையும் பாருப்பா.”

“கேம்பர் இந்த வண்டில அட்ஜஸ்ட் பண்ண முடியாது சார். கம்பெனி செட்டிங்கு. லிமிட்லதான் இருக்கு.”

பிறவிக்கோளாறு என்று டாக்டர் சொன்னதுபோல ஆகிவிட்டது மனிதருக்கு. அன்றிலிருந்து பாடம் படிக்க ஆரம்பித்தார். மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி உள்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, கோபித்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் தலை சாய்த்திருக்கின்றனவா என்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க்கு சாய்ந்திருக்கிறதே, பையன்கள் கையை விட்டுவிட்டு ஓட்ட முடிகிறதே, அந்தச் சாய்வு காஸ்டர். இதையெல்லாம் அவர் லிஃப்டில் விளக்குவார். தரைத்தளத்திலிருந்து இரண்டாவது மாடிக்குள் டோவும் கேம்பரும் முடியும். காஸ்டருக்காக லிஃப்ட் கதவைக் காலால் பிடித்துக்கொள்வார்.

இன்னும் இரண்டு கடைக்குப் போனார். மூன்று மெஷின், மூன்று அச்சுத்தாள், மூன்றிலும் எண்கள் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். டயரில் காற்று முன்பின் இருந்தாலே எண் மாறும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அல்லது சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். சுகர் ரிப்போர்ட் மாதிரி ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டம்மா ஒரு நாள் படியில் என்னை நிறுத்தி, “உங்ககிட்டயாவது சொல்றாரா, வண்டி எப்ப ஓடும்னு?” என்று கேட்டார்.

இதற்கிடையில் மீட்டர் விவகாரம் கிளம்பியது. 2019 ஜூலைக்குப் பிறகு வரும் கார்களில் வேகம் எண்பதைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒரு பீப் அடிக்கும், நூற்றிருபதைத் தாண்டினால் விடாமல் அடிக்கும். இவர் மீட்டரில் எண்பது தாண்டி பீப் அடித்தபோது, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த போன் மேப்பில் எழுபத்தாறு. “எழுபத்தாறுல போறவனுக்கு எதுக்கு சார் பீப்?” நியாயமான கேள்விதான். போனை நம்புவதா காரை நம்புவதா? இரண்டையும் நம்பாமல் கல்லை நம்புவது என்று முடிவாயிற்று. அதாவது கிலோமீட்டர் கல்.

கணக்கு எளிது. நூறில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 36 விநாடி. செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில், மீட்டரை நூறில் பிடித்துக்கொண்டு அவர் ஓட்ட, போனில் ஸ்டாப்வாட்ச்சோடு நான். முதல் கல்லில் அமுக்கினேன். அடுத்த கல்லை அரளிச்செடி மூடியிருந்தது. அதற்கடுத்த கல்லுக்கு வருவதற்குள் வலது லேனில் ஒரு டேங்கர் லாரி அறுபதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து. ஒரு கல்லில் ஆடு கட்டியிருந்தது, எண் தெரியவில்லை, ஆனாலும் கல் கல்தானே என்று எடுத்துக்கொண்டோம். பதினோரு முயற்சியில் உருப்படியாகத் தேறியது மூன்று: 38, 37, 39 விநாடி.

“உங்க கட்டைவிரலை முதல்ல காலிபரேட் பண்ணணும் சார்” என்றார்.

என் கட்டைவிரல் மேல் தப்பில்லை. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 39 என்று ஒன்று இருக்கிறது. மீட்டர் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது அது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் நாலு கிலோமீட்டரும் வரை. நிஜமாக நூறில் போகும்போது மீட்டர் நூற்றுப்பதினாலு காட்டினால்கூடக் குற்றமில்லை. காற்று, டயர், சுமை எது மாறினாலும் குறைத்துக் காட்டிவிடாமல் இருக்க, கம்பெனிக்காரர்கள் முன்ஜாக்கிரதையாகக் கொஞ்சம் கூட்டியே வைத்துவிடுகிறார்கள். புது டயர் ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும், இவர் வண்டியின் 185/65 ஆர் 15 அளவுக்கு. தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், மீட்டர் இன்னும் இரண்டு சதவீதம் கூட்டிச் சொல்லும். பழைய டயர்க்காரன் மீட்டரில் கொஞ்சம் வேகமானவன்.

இதைச் சொன்னால் மனிதர் நிம்மதியடைவார் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார்.

“அப்ப நான் நூறுல போனதே இல்லையா?”

போன தீபாவளிக்குத் திருச்சி மச்சானிடம் நூறு தொட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஐம்பது வருட வாழ்க்கையில் தொட்ட ஒரே நூறு. அதுவும் தொண்ணூற்றைந்தாகப் போய்விட்டது. நூற்றைந்து காட்டும்படி ஓட்டினால் போயிற்று என்றேன். “நூத்தஞ்சு ஓவர் ஸ்பீடு சார்” என்று வண்டியை எடுத்தார். வீடு வரைக்கும் மீட்டரில் எழுபது.

நாலாவதாகப் போனது சேலையூர்ப் பக்கம் ஒரு பழைய கடை. மேஸ்திரி அறுபது தாண்டியவர், காதில் பென்சில். ஃபைலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாவியை வாங்கி, எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினார். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. “இப்ப நீங்க ஓட்டுங்க சார்.” இவர் ஓட்டினார். நூறடிக்கு ஒரு தரம் வண்டி இடப்பக்கம் ஒதுங்க, இவர் திருத்த, மறுபடி ஒதுங்க. மேஸ்திரி ரோட்டைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடி என்னா வண்டி வச்சிருந்தீங்க சார்? சேத்தக்கா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“இடுப்பு இன்னும் அதுலதான் உக்காந்திருக்கு.”

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். மனிதரின் இடது தோள் கியரை நோக்கி இறங்கியிருந்தது. உடம்பு சாயச் சாய, ஸ்டியரிங்கின் உச்சியைப் பிடித்திருந்த வலது கையும் கூடவே இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது. பாலித்தீன் உறையில் இடது பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது.

மேஸ்திரி காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் நேர்கோட்டாருக்குப் பிடிக்கவில்லை. ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு பிரின்ட் அவுட் எதுவும் தர மாட்டீங்களா?” என்று கேட்டு நின்றார்.

மறுநாள் காலை கீழே போனபோது டிரைவர் சீட்டில் இடப்பக்கமாக ஒரு துண்டை நாலாக மடித்து அண்டக்கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மாவின் யோசனையாம். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து கண்ணாடியை இறக்கினார்.

“இப்ப ரைட்ல போகுது சார். லேசாத்தான். சாயங்காலம் ஃப்ரீயா நீங்க?”