இன்னொரு வாட்டி இடிங்க பாட்டி

வத்தல்மலைக்குத் தார்ச்சாலை வராத காலத்தில் ஓட்டுக் கேட்டு மேலே ஏறி வந்த ஒரு வேட்பாளரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் மலைமேல் ஆசிரியராக இருந்தேன். தருமபுரியிலிருந்து அடிவாரம் வரைதான் வண்டி வரும். கடல் மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேலே இருக்கிற பெரியூர், பால்சிலம்பு போன்ற ஊர்களுக்கு அங்கிருந்து நடைதான். அவர் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகும் வெகுநேரம் அவருக்குப் பேச்சு வரவில்லை. அதற்குள் ஊர்க்கவுண்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவது, பாதி வழியிலேயே குழந்தை பிறப்பது, தாயோ பிள்ளையோ திரும்பி வராமல் போவது.

வேட்பாளர் ரோடு போட்டுத் தருகிறேன் என்று சொல்லவில்லை. "ஜெயிச்சா கேட்டுப் பாக்கறேன். ஆகும்னு இப்ப சத்தியம் பண்ண முடியாதுங்க" என்றார். அவர் இறங்கிப் போனதும், "நெசத்தச் சொல்லிட்டுப் போறான்" என்று ஊர் பேசிக்கொண்டது. அந்தத் தேர்தலில் அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் வெகுகாலம் மலையில் அவர் பெயரை மரியாதையோடுதான் சொன்னார்கள்.

பொய் அப்போதும் இருந்தது. மிளகையும் காப்பிக் கொட்டையையும் எடை குறைத்து வாங்கியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கி வயிற்றில் அடித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் சொன்னவன் யார், கேட்டவன் யார் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த சந்தையில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். வார்த்தை தவறினால் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். கை நடுங்குகிறதா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது சாலை வந்துவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். 2021 செப்டம்பர் கடைசியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மலைக்கே வந்து மக்களோடு பேசிவிட்டுப் போனார். பிறகு பேருந்தும் ஏறியது. நடந்தே தேய்ந்த கால்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பேருந்தில் முதன்முறை ஏறியபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் சாலையில் ஏறி வருகிறவர்களின் வரவு மாறிவிட்டது. முதல் வண்டியில் கேமராக்காரர்கள் வருகிறார்கள். பெரிய மனிதர் இறங்குவதைப் படம் பிடிக்க அவர்கள் முன்னாலேயே இறங்கி நிற்க வேண்டும். போர்வையோ நோட்டுப் புத்தகமோ, கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் அசையாமல் நிற்கின்றன. படம் சரியாக விழவில்லையென்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, யாரோ அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களின் மேல் அப்போதைய முதல்வரின் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியதாக எழுந்த புகார் மாநிலத்தையே கொதிக்க வைத்தது. இன்று ஸ்டிக்கரே தேவையில்லை. பொருள் கைமாறும் முன்பே படம் ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. வாங்கிய பெண் என்ன சொன்னாள் என்பது எந்தப் படத்திலும் இல்லை.

எங்கள் மாவட்டத்திலேயே பென்னாகரம் பக்கம் கோட்டூர்மலை இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறித்தான் அந்த மலைக்குப் போயின. படத்தைப் பார்த்து நாடே மெச்சியது, ஜனநாயகத்தின் அழகு என்று. கழுதை ஏறுகிற பாதையில்தான் நோயாளியும் இறங்க வேண்டும் என்பதை எத்தனை பேர் யோசித்தார்கள்? அந்தப் படத்தை நான் கோபத்தோடுதான் பார்த்தேன், இன்றும் அப்படித்தான்.

சரி, அரசியல்வாதிகளை விடுவோம். 2016இல் ஜியோ வந்த பிறகு கைப்பேசியில் படம் பார்ப்பது மலிந்தது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. வத்தல்மலைக்கு 'தருமபுரியின் ஊட்டி' என்று பெயர் கட்டி, சனி ஞாயிறுகளில் பைக்குகள் வரிசையாக ஏறத் தொடங்கின. பனியும் சில்வர் ஓக் மரங்களும் காப்பித் தோட்டமும் யாருக்குத்தான் பிடிக்காது? வரட்டும்.

என்னால் மறக்க முடியாதது வேறு. தெரிந்த வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக் கிழவியிடம் எனக்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. வாசலில் நான்கைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். மூலையில் கவிழ்ந்து கிடந்த உரலை வெளியே உருட்டி வைத்திருந்தார்கள். கிழவி சாமை இடித்துக்கொண்டிருந்தாள். அது மில்லில் குத்தி, உமி போக்கி, புடைத்து வைத்த சாமையரிசி. உமியோடு கூடிய சாமை அன்றைக்கு வீட்டில் இல்லை. "இன்னொரு வாட்டி இடிங்க பாட்டி, வெயிலு இப்பதான் சரியா விழுது" என்றான் ஒருவன். அவன் குரலில் அன்பு இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"நொய்யாப் போயிருமே கண்ணு" என்றாள் கிழவி.

"பரவால்ல பாட்டி, காசு குடுத்துடறோம்."

அவள் இடித்தாள். இரண்டு படி அரிசி நொய்யானது. அவர்கள் கேட்டதைவிட அதிகமாகவே பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "ஏன் சாரு, இதப் பாக்கறவங்க நாங்க இன்னும் இடிச்சுத்தான் திங்கறோம்னு நெனச்சுக்குவாங்கல்ல? மிசினு வந்தது அவங்களுக்குத் தெரியாமயே போயிருமே?"

அவளுக்கு மில் சாதாரண விஷயம் இல்லை. விடியும் முன்பே எழுந்து உலக்கை பிடித்து, தோள் தேய்ந்து, மருமகளுக்காவது இது வேண்டாம் என்று ஏங்கி, கடைசியில் கண்ட விடுதலை. அதைத்தான் அந்தப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 'கலப்படமில்லாத மலைவாழ்க்கை' என்று ஒன்றைக் காட்ட, அவள் வாழ்கிற வாழ்க்கையில் பாதியை மறைக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் குடம், டிவி, மகளின் கல்லூரிச் சான்றிதழ், பேரனின் பைக் எல்லாம் கதவுக்குப் பின்னால் போயின. படம் எடுக்கிறவனுக்கு அவள் ஏழையாகத் தெரிய வேண்டும். மேடை போடுகிறவனுக்கு அவள் நன்றியோடு தெரிய வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில், தன் கையால் தன் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்திய அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. என் மனதைச் சுடுவது இதுதான்.

மலையில் இருப்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்பவர்கள், வீட்டில் பேசுவது தமிழ். ஏறி வருகிறவர்களில் சிலருக்கு இந்த ஒரு வரிகூடத் தெரிவதில்லை. கேட்பதற்கு நேரமும் இல்லை, அடுத்த வளைவில் டிரோன் பறக்க வேண்டும்.

இதெல்லாம் மலையில் மட்டுமா நடக்கிறது? 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, வண்டியில் வந்த இளம் பெண் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். இனி பேனர் வைக்கக் கூடாது என்று கட்சித் தலைமைகள் தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. பேனர்கள் திரும்பி வந்துவிட்டன. அந்த அறிக்கைகள் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை? மகளை இழந்த பெற்றோர் முன் உட்கார்ந்து, அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு சுலபமாக மீற முடிந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கைப்பேசியின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. மலையிலேயே ஒரு கல்லூரி மாணவன் வீடியோ போடுகிறான். இசை கிடையாது, பனி கிடையாது. கனமழை பெய்த மறுநாள் பைக்கில் இறங்கிப் பார்த்துவிட்டு, எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எங்கே மரம் விழுந்து கிடக்கிறது, மாட்டுக்குத் தீவனம் ஏற்றி வரும் வண்டி ஏறுமா ஏறாதா என்று காட்டுகிறான். அன்றைக்குக் காப்பிப் பழம் என்ன விலைக்குப் போனது என்பதையும் சொல்வான். பார்க்கிறவர்கள் நூறு பேரைத் தாண்டுவதில்லை. எல்லாரும் அவனுக்குத் தெரிந்தவர்கள். ஒரு தடவை வழி சரியாகிவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அடிவாரத்தில் மாட்டிக்கொண்ட மூன்று குடும்பங்கள் மறுநாள் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டன. இப்போது கடைசி வளைவு வரை தானே போய்ப் பார்க்காமல் அவன் பதிவு போடுவதில்லை.