பேரிடர் காலை 10.30-க்கு வரும்

அனுப்புநர்:
ஓர் அமெச்சூர் வானொலிக்காரர்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
பேரிடர் ஒத்திகையை நடத்தும் உயர்திரு அதிகாரி அவர்கள்
(எந்தத் துறை, எந்தப் பிரிவு என்பதைக் கோப்பு இப்போது யார் மேசையில் கிடக்கிறது என்று பார்த்துத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: பேரிடர் ஒத்திகை – செல்போன் கோபுரத்துக்கும் ஒரு வேடம் கொடுத்தல் – வேண்டி விண்ணப்பம்.

பார்வை: மாண்டஸ் புயல் 9.12.2022 இரவு மாமல்லபுரத்தில் முன்னறிவிப்போடு நடத்திய நேரடிக் கள ஆய்வு.

அய்யா / அம்மையீர்,

மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது.

ஒத்திகை என்று வந்துவிட்டால் பேரிடரைப் போல ஒழுங்கான அரசு ஊழியர் வேறு யாரும் இல்லை. சொன்ன நாளில், சொன்ன இடத்தில், காலை 10.30-க்கு வந்து நிற்கிறது. சிறப்பு விருந்தினரின் கார் தாமதமானால் அதுவும் பந்தலுக்கு வெளியே பொறுமையாகக் காத்திருக்கிறது. காயம்பட்டவர்களாக வந்த கல்லூரி மாணவர்கள் கழுத்தில் அட்டையோடு நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இடது கால் முறிவு’ என்று அட்டை போட்ட பையன், ஸ்ட்ரெச்சர் வரக் காணோம் என்று தானே எழுந்து நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறிக்கொள்கிறான். சாப்பாட்டுப் பொட்டலம் வந்து சேர்வதற்குள் வெள்ளம் வடிந்துவிடுகிறது. ‘வெற்றிகரமாக நடைபெற்றது’ என்ற வாக்கியம் முதல்நாள் மாலையே தட்டச்சாகி, எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் இயக்குவது ஒரு வாட்ஸ்அப் குழு. ‘தண்ணீர் வந்துவிட்டது சார்’ என்று ஒருவர் போடுகிறார். ‘நோட்டட்’ என்று இன்னொருவர் போடுகிறார். அதன் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுகின்றன. குப்பத்தில் எடுத்த படம் அரை நிமிடத்தில் செங்கல்பட்டுக்கும் அடுத்த அரை நிமிடத்தில் சென்னைக்கும் போய்விடுகிறது. கற்பனை வெள்ளத்தில் வீடு, வாசல், பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் மூழ்குகின்றன. நான்கு கோடு சிக்னல் மட்டும் தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது. எங்கள் குறை அந்த நான்கு கோட்டைப் பற்றியது.

இந்த விழாவில் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களாகிய நாங்கள் எங்கே என்று தாங்கள் கேட்கக்கூடும். பந்தலுக்கு வலப்புறம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் ரேடியோ, பேட்டரி, மேசை விரிப்பு. சிறப்பு விருந்தினர் வந்து, “இது எவ்வளவு தூரம் பேசும்?” என்பார். “நேரத்தையும் அலைவரிசையையும் பொறுத்து, ஜப்பான் வரைக்கும் பேசும் சார்” என்போம். “ஓ!” என்பார். போட்டோ எடுப்பார்கள். பிறகு செயல்விளக்கம்: பத்தடி தள்ளி நிற்கும் இன்னொரு ஹாமைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள். அவர் பேசுவது ரேடியோவில் வருமுன் நேரிலேயே கேட்டுவிடும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

அய்யா, 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்தார். சாலைக்கு வெள்ளை அடித்தோம், ஒத்திகை மேல் ஒத்திகை பார்த்தோம், அவரும் நிகழ்ச்சி நிரல்படி வந்து போனார். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. மூன்று ஆண்டு கழித்து, 2022 டிசம்பர் 9 இரவு, அதே மாமல்லபுரத்துக்கு அருகே மாண்டஸ் வந்தது. நள்ளிரவைத் தாண்டிக் கரையைக் கடந்தது. பந்தல் இல்லை, மைக்செட் இல்லை. அதற்கு முந்தைய வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னைக்குப் பட்டப்பகலில்தான் வந்தது. ஆனாலும் மரங்கள் விழுந்து மின்சாரம் போய், செல்போன் செத்து, பணமதிப்பிழப்புக் காலமாதலால் கையில் நோட்டும் இல்லாமல், கார்டு தேய்க்கும் கருவியும் வேலை செய்யாமல், சென்னை மாநகரமே சைகையில் பேசியது.

கோபுரம் எப்படிச் சாகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. புயலுக்கு முன்பே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுகிறோம். அது சரியான முடிவு. கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலைக் கொண்டுவர வண்டி வேண்டும், வண்டிக்குச் சாலை வேண்டும், சாலையில் வேம்பும் தூங்குமூஞ்சி மரமும் படுத்திருக்கும். நடுவில் கண்ணாடி இழைக் கேபிள் எங்கேயாவது அறுந்திருக்கும். உயிரோடு மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கோபுரங்களை, ‘சாப்பிட்டியா, பத்திரமா இருக்கியா’ என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் அழைப்புகள் சேர்ந்து முடித்துவைக்கும். பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெங்கம்பாக்கத்திலிருந்து உதவி கேட்கிறவருக்கு லைன் கிடைக்காது.

இந்தக் கரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கல்பாக்கத்தில் 220 மெகாவாட் அணு உலைகள் இரண்டு இருக்கின்றன. அதனால் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு அவசரகாலத் திட்டம் போட்டு, ஆலைக்கு வெளியே ஊர்களிலும் ஒத்திகை நடத்துகிறார்கள். 2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்த சிவில் பாதுகாப்பு ஒத்திகையிலும் கல்பாக்கம் இருந்தது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். கடற்கரைக் கோயில் முன் செல்பி எடுப்பவருக்கு இது தெரியாது. தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார் என்பது வேறு விஷயம். இந்த வகை அவசரத்தில் உயிரைக் காப்பது ஸ்ட்ரெச்சரைவிடச் செய்திதான். கதவை அடைத்து உள்ளே இருப்பதா, வெளியேறுவதா? அயோடின் மாத்திரையை இப்போது விழுங்குவதா, காத்திருப்பதா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தச் சாலை வழியாகப் போவது? வடக்கே போகச் சொன்னது தெற்கே என்று காதில் விழுந்தால், ஓடுகிறவர் நேராக ஆபத்துக்குள் ஓடுவார். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழுந்தால் செய்தி சேர்ந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வழக்கத்தில், கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லி, சொன்னவர் சரி என்று ஒப்புக்கொண்டு, இருவரும் நேரம் போட்டு எழுதிக்கொண்டால்தான் அது சேர்ந்த கணக்கு.

எங்கள் கருவிகளைப் பற்றிச் சில வரிகள். கையில் பிடிக்கும் ஐந்து வாட் ரேடியோவின் அலை ஏறக்குறைய பார்வை போகும் தூரம்தான் போகும். ஆகவே உயரம் வேண்டும். திருக்கழுக்குன்றம் மலைமேல் ஒருவர் நின்றால் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அவரே அஞ்சல்காரர். உயரத்தின் அருமை இந்தக் கரைக்குப் புதிதல்ல: மாமல்லபுரத்துப் பாறைமேல் பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் கூரையில்தான் 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். தொலைவுக்குப் பேச வேறு வழி இருக்கிறது. இரண்டு பனைமரம், அவற்றுக்கிடையே சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி, ஒரு கார் பேட்டரி. கம்பியைத் தாழ்வாகக் கட்டி 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் குடை விரித்ததுபோல் இறங்கும். நடுவில் கோபுரமோ கேபிளோ டீசல் வண்டியோ தேவையில்லை. பனைக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. அந்தப் பஞ்சத்தையும் சீக்கிரம் கொண்டுவந்துவிடுவோம் என்பதால் விண்ணப்பம் கொஞ்சம் அவசரம்.

இதெல்லாம் பழகினால்தான் வரும். ஒரு உதாரணம். சத்தத்துக்கு நடுவே ஊர்ப் பெயர் பிழையில்லாமல் போகவேண்டுமென்றால் ஆங்கில எழுத்து எழுத்தாகச் சொல்வது உலக வழக்கம். திருக்கழுக்குன்றத்துக்கு 17 எழுத்து. ‘டேங்கோ, ஹோட்டல், இண்டியா, ரோமியோ…’ என்று ஆரம்பித்து ‘மைக்’கில் போய் முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிடும். கூடவே கொக்கிலமேடு, மெய்யூர்க்குப்பம், வெண்புருஷம், தேவனேரி. ஒவ்வோர் ஊருக்கும் இரண்டெழுத்துக் குறி ஒன்றை முன்கூட்டியே வைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. பந்தலில் உட்கார்ந்து ஜப்பானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வராது.

“காவல்துறைக்கு வயர்லெஸ் இருக்கிறதே, சாட்டிலைட் போன் இருக்கிறதே” என்று தாங்கள் கேட்பது நியாயம். இருக்கின்றன; இருக்கவும் வேண்டும். அவை அதிகாரியோடு அதிகாரி பேசுவதற்கு. ஒரு துறையின் அலைவரிசையில் இன்னொரு துறை பேசாது. புயல் காப்பகத்தில் குழந்தைக்குப் பால்மாவு இல்லை என்ற செய்தி எந்த அலைவரிசையில் ஏறும்? அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற வேலையற்றவர்களுக்கு வேலை.

முன்னுதாரணம் இல்லாமல் கோப்பு நகராது என்பதால் ஒன்றைச் சமர்ப்பிக்கிறேன். அந்தமானிலிருந்து 1987-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஹாம் அழைப்பே எழவில்லை. அனுமதி அவ்வளவு அரிது. பாரதி பிரசாத் என்ற ஹாம், அழைப்புக்குறி வியூ2ஆர்பிஐ, விடாமல் முயன்று ஒருவழியாக அனுமதி பெற்று, ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு 2004 டிசம்பரில் போர்ட் பிளேர் விடுதி ஒன்றில் ஆன்டெனா கட்டினார். போனது பொழுதுபோக்குக்கு: அரிய தீவிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசுவது. டிசம்பர் 26 காலை தரை ஆடியது, கடல் வந்தது. தீவுகளின் தொடர்பு அறுந்தபோது அந்தப் பொழுதுபோக்குக் கருவி செய்தி சுமந்தது; யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று நிலப்பரப்பில் தவித்தவர்களுக்குப் பதில் சொன்னது. அதே காலை கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் ஏற, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். உலை தப்பியது. கடலோரக் குடியிருப்பில் உயிர்கள் போயின.

அந்தமானுக்கான அனுமதி முன்னதாகவே கிடைத்திருந்தால் ஹாம் குழு நவம்பரிலேயே போய்த் திரும்பியிருக்கும். ஆகவே தாமதப்படுத்திய ஒவ்வொரு மேசைக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. ஆனால் அடுத்த சுனாமியின் தேதியையும் கோப்பின் வேகத்தையும் இவ்வளவு துல்லியமாக மறுபடியும் பொருத்திவைக்கத் தங்களால்கூட முடியுமா என்ற சிறு ஐயம் எங்களுக்கு இருக்கிறது.

செலவைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். தேர்வு எழுதி, பொதுத் தர உரிமம் வேண்டுமென்றால் மோர்ஸும் பழகி, ஒன்றிய அரசிடம் உரிமத்துக்குக் காத்திருந்து வாங்கியவர்கள் நாங்கள். கூலி வாங்கினால் அமெச்சூர் என்ற பெயரே போய்விடும், விதி அப்படி. மொட்டைமாடிக் கம்பியைப் பார்த்து உளவாளியோ என்று நினைக்கும் பக்கத்து வீட்டாரிடம், பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் வியூ2ஆர்ஜி என்ற குறியோடு எங்களில் ஒருவர்தான் என்று சொல்லி வைக்கிறோம். அரசுக்கு இலவசமாகக் கொடுப்பதும் எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், ஜூலை 31 முதல் ஒலிபரப்பி, பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டது. ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1930 ஏப்ரலில் மாநகராட்சி அதைக் கொண்டு வானொலி நடத்தியது.

எங்களிடமும் கோளாறு உண்டு, மறைப்பதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அலைவரிசையைத் திருப்பினால் பாதி நேரம் யார் என்ன ரேடியோ வாங்கினார், என்ன விலை, ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்பதுதான் ஓடும். மீதி நேரம் முழங்கால் வலி. பேட்டரியைக் கடைசியாக எப்போது சார்ஜ் போட்டோம் என்று கேட்டால் சிலர் சிக்னல் சரியில்லை என்று நழுவிவிடுவார்கள். ஆகவே தங்களைவிட எங்களுக்குத்தான் ஒத்திகை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எனவே பணிவாக வேண்டுவது: அடுத்த ஒத்திகையில் செல்போன் கோபுரத்தையும் காயம்பட்டோர் பட்டியலில் சேர்த்து, அதன் காலில் ‘இறந்துவிட்டது’ என்று ஓர் அட்டையைக் கட்டிவிடவும். அதன்பின் ஒரே ஒரு மணி நேரத்துக்கு, சிறப்பு விருந்தினர் உட்பட எல்லாருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கி வைக்கவும். எங்கள் மேசையைத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, ஒருவரை வாயலூருக்கும், ஒருவரைக் கடலூர்க் குப்பத்துக்கும், ஒருவரைத் திருக்கழுக்குன்றம் மலைக்கும் அனுப்பவும். பேரிடர் எத்தனை மணிக்கு வரும் என்பதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம். தங்களுக்கும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளவும். இரவாக இருந்தால் உத்தமம். அந்த ஒரு மணி நேரத்தில் பத்துச் செய்தியில் நான்கு தொலையலாம், இரண்டு தப்பாகப் போகலாம், மாத்திரைப் பெட்டி ஓர் ஊர் தள்ளி இறங்கலாம். அறிக்கையில் அதையும் எழுத ஒரு கட்டம் ஒதுக்கவும். போட்டோவுக்கு மறுநாள் காலை எல்லாரும் வந்து நிற்கிறோம்.

இதன்மேல் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஹாம்
(அழைப்புக்குறி உரிய படிவத்தில் கோரினால் தரப்படும்)

நகல்: வங்கக் கடல் – தகவலுக்காக மட்டும், நடவடிக்கை தேவையில்லை.